அப்பாவின் எழுத்துரு

அப்பாவின் அடக்கத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. டெனிஸ் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, அஞ்சலி அட்டையில் ‘வெர்னன் ஹால்வர்சன்’ என்ற அவர் பெயரை அவருடைய கையெழுத்திலேயே அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணினி எழுத்துருவைச் செய்தவளே அவள்தான். விஸ்கான்சின் சந்தையில் அப்பா ஆப்பிள் கூடைகளில் செருகிவைக்கும் விலை அட்டைகளைப் பார்த்துச் செய்தது. சற்றே சாய்ந்து, அவசரமில்லாமல், தோளில் கைபோட்டுப் பேசுகிற எழுத்து. பார்த்தவர்களுக்குப் பேரம் பேச வாய் வராது. இன்று ஊறுகாய் பாட்டில் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எங்கும் அதுதான்.

பக்கத்து வீட்டு லோரெய்ன் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோலைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள்.

“சாப்பிட்டுட்டுத் தட்டைத் திருப்பிக் குடுத்துடு. போன சாவு வீட்ல விட்டது இன்னும் வந்து சேரல.” திரையை எட்டிப் பார்த்தாள். “கடைசி வரி என்ன போடப்போற?”

“போன வருஷம் என் பிறந்தநாள் கார்டுல அப்பா எழுதியிருந்தாரே, அது.”

டெனிஸ் கைப்பையிலிருந்து கார்டை எடுத்தாள். ‘யாராவது வயசு கேட்டா பாதியிலேர்ந்து ஆரம்பி.’ அப்படியே அடித்து, கார்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

கையால் எழுதினால் ஒரே எழுத்து இரண்டு தடவை ஒன்றுபோல வராது. கார்டில் வந்திருந்தது. எழுத்தின் வால் முனையில் அவள் வேண்டுமென்றே விட்டுவைத்த மைத்திட்டு உட்பட.

“லோரெய்ன், இது பிரிண்டு.”

லோரெய்ன் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

“அவருக்குக் கை நடுங்குச்சு கண்ணு. மூணு வருஷமா. பிரிண்டருக்கு மை வாங்கிக் குடுத்ததே நான்தான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“‘அவ செஞ்ச எழுத்து, பாத்ததும் கண்டுபுடிச்சிருவா’ன்னு என்கூட பந்தயம் கட்டினார். கார்டைத் தபால்ல போட்டுட்டு நாலு நாள் போன் பக்கத்துலயே உக்காந்திருப்பார்.”

‘கார்டு வந்தது. நன்றி.’ மூன்று வருடமும் டெனிஸ் அனுப்பிய செய்தி அவ்வளவுதான்.

“பந்தயத்துல யாரு ஜெயிச்சா?”

“நான்தான்,” என்றாள் லோரெய்ன். “மூணு தடவையும்.”

லோரெய்ன் அடுப்பு துடைத்த துணியைப் பிழிந்து வைத்தாள்.

“கவர்ல மட்டும் கையாலதான் எழுதுவார். பிரிண்டர்ல கவர் சிக்கிக்கும்.”

கவர்களையெல்லாம் டெனிஸ் கிழித்த கையோடு குப்பையில் போட்டிருந்தாள்.

லோரெய்ன் இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். டெனிஸின் அடுத்த மாதப் பிறந்தநாளுக்கு அப்பா எழுதிவைத்தது. தபால்தலை ஒட்டியிருந்தது. அவள் முகவரி சரிவில் உருண்டுபோன ஆப்பிள்கள் மாதிரி, எண்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஓரம் வரை போய் நின்றது. உள்ளே ஒன்றுமில்லை.

போன் அடித்தது. சவ அடக்க நிலையத்தின் ஆள்.

“அஞ்சலி அட்டையை அச்சுக்குக் குடுக்கணும்மா. எந்த எழுத்துல போடட்டும்?”

“சாதாரண எழுத்து போதும்.”

போனை வைத்தாள். பசையை நனைக்காமல், கவரின் வாயை மெல்ல மடித்து மூடினாள்.