அரைக்காத பாஜணி

தீபாவளிக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. ஹேமாங்கி தாம்லேயின் வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு மூட்டை வறுத்த தானியம் அடுக்கியது அடுக்கியபடி கிடந்தது. அரிசி, கடலைப்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு, கொத்தமல்லி விதை, சீரகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதம் பார்த்து அவளே நின்று வறுத்துக் கலந்தது. இதை அரைத்தால் பாஜணி மாவு. பாஜணி இல்லாமல் சக்லி என்கிற முள்முறுக்கு இல்லை, சக்லி இல்லாமல் புனேயில் தீபாவளி இல்லை. பண்டிகை முடிந்த மறுநாள் இந்த மூட்டைகளை ஒருவரும் சீந்த மாட்டார்கள். ஒரு மாதம் போனால் வறுத்த வாசனையும் போய்விடும். டெலிபோன் ஆபீஸ் வேலையை ஓய்வு வயதுக்கு முன்னாலேயே விட்டு வாங்கிய பணம் மொத்தமும் அந்த மூட்டைகளிலும், பக்கத்தில் நின்ற அரவை மிஷினிலும் இருந்தது.

பண்டம் மோசமென்றால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். பண்டம் நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் அவளில்லை. போன வாரம் சதாசிவ் பேட் மாதர் மண்டலத்தில் மூன்று தட்டு சக்லி வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டு ஒட்டி, எது யாருடையது என்று சொல்லாமல் தின்னக் கொடுத்தாள். இருபத்து நாலு பெண்களில் பத்தொன்பது பேர் இரண்டாம் நம்பர் என்று எழுதிக் கொடுத்தார்கள். ரானடே வஹினி, அதாவது ரானடே வீட்டு அண்ணி, ஒரு படி மேலே போனாள். அந்தத் தெருவில் சக்லி என்றால் ரானடே வஹினிதான். பிழிந்தால் முள் முள்ளாக நிற்கும், வாயில் போட்டால் கரையும் என்று முப்பது வருஷமாகப் பேர். அவள் இரண்டாம் நம்பரைப் பிட்டுக் காதருகே வைத்து ஒடித்துப் பார்த்து, இது பழகின கை, பாஜணியைத் தன் கையால் வறுத்த வீட்டிலிருந்து வந்தது என்று தீர்ப்பே சொன்னாள்.

அது தன் கடை மாவு என்று ஹேமாங்கி சொன்னாள். அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் அவளுக்குக் காது சூடாகிறது. ஒருத்தி, அப்போதே லேசாகத் தொண்டையில் கரகரத்தது என்றாள். இன்னொருத்திக்குக் கடைசியில் ஒரு பாக்கெட் வாசனை வந்ததாம். அந்த மாவு பாக்கெட்டையே பார்த்ததில்லை, வீட்டு எவர்சில்வர் டப்பாவிலிருந்து நேரே எடுத்தது என்று ஹேமாங்கி சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் டப்பா வாசனையாக இருக்கும் என்றாள் அந்தப் புண்ணியவதி. ரானடே வஹினி புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"முதல்லயே சொல்லியிருக்கணும் நீங்க. சொல்லியிருந்தா நாங்களும் ஒழுங்கா ருசி பார்த்திருப்போம்ல, ஹேமாங்கி வஹினி."

ஒழுங்காக ருசி பார்ப்பதாம். கண்ணைக் கட்டினால் தெரிந்த நாக்குக்கு, கட்டை அவிழ்த்ததும் மறந்துபோகிறது.

அதன் பிறகு அவள் செய்யாததில்லை. விலையைக் குறைத்தாள். எதைக் கலந்திருக்கிறாளோ, அதுதான் விலை இறங்குகிறது என்று பேச்சு வந்தது. சின்னப் பொட்டலமாக மாதிரி கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போய் சாயங்காலம் வடை தட்டித் தின்றார்கள், சக்லி மாவுக்குத் திரும்பி வரவில்லை. கடைசியில், எதையும் குத்தலாக எழுதி மாட்டுகிற புனே வழக்கப்படி, வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: "வீட்டில் வறுத்த பாஜணிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர்களுக்கு ஒரு கிலோ இலவசம். கண்டுபிடித்ததாகச் சும்மா சொல்பவர்கள் வர வேண்டாம். பகல் ஒன்றிலிருந்து நாலு வரை இருவருமே வர வேண்டாம்." போகிற வருகிறவர்கள் நின்று படித்தார்கள், சிரித்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். மாவை ஒருவரும் வாங்கவில்லை.

புருஷன் ஸ்ரீரங் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்தபடி, சத்தியத்தை இவ்வளவு கடுகடுப்பாக எழுதினால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். நல்ல மனுஷர்தான். வாயை மட்டும் வேண்டாத நேரத்தில் திறப்பார்.

இத்தனையும் போதாதென்று மிஷின் மோட்டார் புகைந்து படுத்துக்கொண்டது. மெக்கானிக் நாளை வருகிறேன் என்றான். அவனுடைய நாளை எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. அன்று பார்த்து எதிர்க் கட்டிடத்து அஷ்வினி பாபட், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற பெண், இரண்டு கிலோ வேண்டும் என்று வந்து நின்றாள். அரைத்தது ஒரு பிடி இல்லை. ஹேமாங்கி எரிச்சலில், வேண்டுமானால் தானியமாக எடுத்துக்கொண்டு போய் நீயே அரைத்துக்கொள் என்றாள். விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. அஷ்வினி வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் தூக்கு டப்பாவை எடுத்து வந்து நிரப்பிக்கொண்டு, முனை மாவு மில்லுக்குப் போனாள்.

மறுநாள் காலை, அஷ்வினி காதோடு காதாகச் சொல்லி, அவள் வயதுப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள், டப்பாவோடு. அஷ்வினி வாங்கினதே வேண்டும் என்றார்கள். மெக்கானிக் அதிசயமாக வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டிருந்தான். அரைத்த மாவே தயாராக இருக்கிறது, மில்லில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டாம் என்று ஹேமாங்கி சந்தோஷமாகச் சொன்னாள். நாலு பேரும் மாவைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். வேண்டாம், தானியம்தான் வேண்டும். இதே தானியம்தான் அது, இந்தக் கையால் வறுத்ததுதான் என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். மில் மாவில் தனி ருசி என்றாள் ஒருத்தி. மிஷினில் அரைத்தால் மாவு சூடாகிவிடும் என்றாள் இன்னொருத்தி, மில்லில் இருப்பது மிஷின் இல்லையோ என்னவோ. மூன்றாமவள் காரணமே சொல்லாமல் டப்பாவை நீட்டினாள். அவளைத்தான் ஹேமாங்கிக்குப் பிடித்தது.

சாயங்காலம் அஷ்வினி இன்னும் ஒரு கிலோவுக்கு வந்தபோது ஹேமாங்கி அவளை விடவில்லை. உட்கார வைத்து டீ கொடுத்து, உண்மையைச் சொல் என்றாள்.

அஷ்வினி டீயை ஒரு வாய் குடித்தாள். "மில் வரிசையில டப்பாவோட நின்னேன், காக்கூ. எங்க மாமியார் பார்த்தாங்க. அவங்க சிநேகிதிங்க மூணு பேரும் பார்த்தாங்க. வாசனை பிரமாதமா இருக்கே, இவ்வளவையும் எப்ப வறுத்தேன்னு கேட்டாங்க. நான் பதிலே சொல்லல. பொய்யும் சொல்லல."

"மாவா வாங்கியிருந்தா?"

"மாவா வாங்கியிருந்தா சக்லியை அவங்க வாயில வைக்கறதுக்கு முன்னாலயே ருசி கெட்டுப் போயிருக்கும்."

ஹேமாங்கிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. வேலையைக் குறைத்துக் கொடுத்தால் வேண்டாம், கூட்டிக் கொடுத்தால் வேண்டும் என்கிற ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பலகையைக் கழற்றினாள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிஷின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினாள். தானியத்தின் விலையைக் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மில்காரனுக்குத்தான் கொண்டாட்டம், வரிசை தெருமுனை வரை நின்றது. அந்த வரிசையில் ஒவ்வொருத்தியும் அடுத்தவள் டப்பாவை மோந்து, வறுத்த பதம் அருமை என்று பாராட்டிக்கொண்டிருந்தாள். வறுத்தவள் அந்த வழியாகக் காய்கறிப் பையோடு போனாள், அவளை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கடைசி மூட்டையும் காலியானது. பிழைத்தோம். ஆனாலும் அவள் மனசில் ஒரு முள் இருந்தது. ரானடே வஹினி வரவேயில்லை. ஆளும் அனுப்பவில்லை. தன் கையாலேயே வறுத்திருப்பாள், மகராசி. ஊரே வந்தும் அவள் ஒருத்தி வராதது ஹேமாங்கிக்கு இருபத்திரண்டு மூட்டையும் விற்காத மாதிரி உறுத்தியது.

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய்க் குளியல் முடிந்து, வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டுகள் போய்வரத் தொடங்கின. ஹேமாங்கி சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு அடுக்களைக்குள் வந்தபோது மேடைமேல் ஒரு தட்டு இருந்தது. விளிம்பில் ரானடே என்று பேர் வெட்டிய பெரிய எவர்சில்வர் தட்டு. லட்டு, கரஞ்சி, சிவ்டா, நடுவில் நாலு சக்லி. அவள் ஒரு சக்லியை எடுத்தாள். காதருகே வைத்து ஒடித்தாள். வாயில் போட்டு நிதானமாக மென்றாள். இத்தனை நாள் காத்திருந்தது வீண்போகவில்லை.

"ஏங்க, இங்க வாங்க. இதுதான் ரானடே சக்லியாம், ஊர் மெச்சற சக்லி. உளுந்து தீய்ஞ்சிருக்கு. எண்ணெய் குடிச்சிருக்கு. முள்ளும் மழுங்கல். ஒரு கிலோ நம்மகிட்ட வாங்கியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பா?"

ஸ்ரீரங் பேப்பரோடு வாசற்படியில் நின்றார். பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. வழக்கம் போல வேண்டாத நேரத்தில் வாயைத் திறந்தார்.

"அவங்க கொண்டுவந்ததை நான் அப்பவே டப்பால கொட்டி வச்சிட்டேன். தட்டைக் காலியா திருப்பிக் கொடுக்கக் கூடாதேன்னு நம்ம பலகாரத்தை அதுல வச்சேன். நீ கடிச்சது நீ பிழிஞ்சது."

வெளியே யாரோ சரவெடி வைத்தார்கள். கையில் மீதியிருந்த பாதி சக்லியை ஹேமாங்கி பார்த்தாள். முள் நன்றாகத்தான் நின்றது. வாயில் போட்டாள். கரைந்தது. உளுந்து தீயவில்லை, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, கொத்தமல்லி வாசனை எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?" என்றாள்.