கரைமணியின் படம்

பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியைக்கு ஊரில் பெரிய டீச்சர் என்றுதான் பெயர். பள்ளியைத் தொடங்கியவர் அவருடைய அப்பா. அவர் கண்ணை மூடிய பிறகும் அவருடைய நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. பெரிய டீச்சர் தமக்கென்று வேறொரு நாற்காலி வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எதிர்ச்சுவர் முழுக்க அப்பா தம் கையால் வரைந்த செடிப் படங்கள், சட்டமிட்டுக் கண்ணாடி போட்டவை. ஒவ்வொன்றின் அடியிலும் முத்து முத்தான எழுத்தில் செடியின் பெயர் இருக்கும். அந்தக் கண்ணாடியில் தூசி கண்டால் அன்றைக்கு ஆயாவின் பாடு திண்டாட்டம்தான்.

மூன்றாம் வகுப்பை நடத்தியவள் பெரிய டீச்சரின் தம்பி மனைவி. கெட்டிக்காரி. பாடப்புத்தகத்தைத் தாண்டி அந்த வயதுப் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க எதுவுமே இல்லையே என்று கொஞ்ச காலம் புலம்பிக்கொண்டிருந்தவள், பிறகு புலம்பலை விட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் திறந்து கிடக்கிறதல்லவா, அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுப்பாள். சுருக்கி, பெரிய எழுத்தில், படத்தோடு அச்சடித்துக் கொடுப்பாள். வாசிப்புத் தாள் என்று அதற்குப் பெயர். தமிழில் பக்கமே இல்லாத விஷயமென்றால் தானே ஒன்றை எழுதிச் சேர்ப்பாள். எழுத்துக் கூட்டித் தடவித் தடவிப் படித்த பிள்ளைகள், திமிங்கிலத்தைப் பற்றிய தாள் வந்த அன்று அதைப் பிடுங்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடின.

பெரிய டீச்சருக்கும் உள்ளூரப் பெருமைதான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் தம்பி மனைவி அறைக்குள் வந்து நின்றாள்.

"அண்ணி, மாமா எழுதின செடிப் புத்தகத்துல கரைமணின்னு ஒரு செடி இருக்கே, அதுக்குத் தமிழ்ல பக்கமே இல்ல. நான் எழுதட்டுமா? நம்ம வாய்க்கால் கரையிலயே வளருது. பிள்ளைங்க படிச்சிட்டு நேர்லயும் போய்ப் பாக்கலாம்."

"எழுதும்மா. ஆனா மாமா பேரு வரணும்."

"கண்டிப்பா வரும். எதுல இருந்து எடுத்தோம்னு சொல்லலைன்னா அங்க ஒரு வரிகூட நிக்காது."

"அப்ப மரியாதை தெரிஞ்ச இடந்தான்."

"போட்டோ ஒண்ணு வேணும். ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"போட்டோ எதுக்கு? சுவத்துல மாமா படம் இருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?"

"இல்ல அண்ணி, உயிரோட இருக்கிற செடியா இருந்தா..."

"மாமா வரைஞ்சதைவிடச் செடி நல்லாவா இருந்துடப் போகுது?"

பெரிய டீச்சரே படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். வெளிச்சம் விழும்படி மேசையில் சாய்த்து வைத்துத் தம் கைப்பேசியில் படமெடுத்தார். தம் சொந்தப் பெயரில் பக்கத்தில் ஏற்றினார். கருநீலப் பழங்கள் கொத்தாக நிற்கும் ஒரு சிறு கிளை அது. அடியில் 'கரைமணி' என்று அப்பாவின் எழுத்து.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் ஒருவரும் கரைமணியைத் தின்றதில்லை. வழியோரம் கிடப்பதைப் பறித்து வாயில் போடுவது நம் குடும்பத்துக்கு அழகல்ல என்பது அப்பா வளர்த்த வளர்ப்பு. வாய்க்கால் கரையில் நடந்தாலும் நேரே பார்த்து நடந்த குடும்பம் அது. 'இதன் பழத்தைத் தின்னலாம்' என்று புத்தகத்தில் எழுதியவர்கூடத் தின்று பார்த்தவரல்லர், கேட்டு எழுதியவர். கிளையை வேறு யாரோ ஒடித்துவந்து தர, அறையில் உட்கார்ந்து வரைந்தவர். இதெல்லாம் பெரிய டீச்சருக்குத் தெரியாததில்லை. தெரிந்ததைச் சேர்த்துவைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பக்கம் வந்த சில நாளில் அதன் உரையாடல் பகுதியில் ஒரு குறிப்பு விழுந்தது. எழுதியவர் தம்மை 'நத்தை' என்று அழைத்துக்கொண்டார்.

'வணக்கம். பக்கம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பது கரைமணி அல்ல என்று நினைக்கிறேன். கரைமணியின் பழம் காம்பிலிருந்து தொங்கும். இதில் நிமிர்ந்து நிற்கிறது. இது பேய்க்கரைமணியாக இருக்கலாம். அது நஞ்சு. இப்போதைக்குப் படத்தை எடுத்துவைத்திருக்கிறேன்.'

எடுத்தும்விட்டார். அப்பாவின் கிளை இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம் ஒன்று நின்றது. பெரிய டீச்சருக்குக் காது மடல் சுட்டது. சுவரில் இருக்கிற படத்தை ஊர் பேர் தெரியாத எவனோ உள்ளே நுழைந்து கழற்றிவிட்டுப் போன மாதிரி இருந்தது. உட்கார்ந்து பதில் எழுதினார்.

'இப்படம் எம் பள்ளியின் நிறுவனர் தம் கையால் வரைந்தது. அவர் இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணின் செடிகளைப் பற்றி நூல் எழுதியவர். சொந்தப் பெயரைச் சொல்லக்கூட மனமில்லாத தங்களிடம் அவருக்குச் சான்றிதழ் வாங்கும் நிலை இன்னும் வரவில்லை.'

படத்தைத் திரும்ப வைத்தார். நத்தை எடுத்தார். இவர் மறுபடியும் வைத்தார். கடைசியில் களஞ்சியத்தின் மூத்த பங்களிப்பாளர் ஒருவர் நடுவே வந்து, 'ஒரு பக்கம் அச்சான நூலின் ஆதாரம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. ஆதாரம் கிடைக்கும்வரை படம் இருக்கட்டும்' என்று தீர்த்துவைத்தார்.

அன்று இரவு சாப்பிடும்போது தம்பிக்கு ஒரே சிரிப்பு. "அக்காவுக்குச் சண்டை போட வீட்டுல ஆள் பத்தலை. இப்ப உலகத்தோட மோதறாங்க. எதிராளி யாருன்னு பாத்தா, நத்தையாம்!"

"உனக்கு அப்பா பேரு விளையாட்டாப் போச்சாடா?"

"நான் நத்தையைத்தான் சொன்னேன், தாயே."

தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரத்தை எடுத்துவைத்தபடியே மெல்லச் சொன்னாள்: "எதுக்கும் நான் ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேனே அண்ணி."

"ஏன், மாமா மேல நம்பிக்கை இல்லையா?"

அப்படி ஒரு கேள்விக்குப் பிறகு அந்த வீட்டு மருமகள் எவளும் வாய் திறக்க முடியாது. கரைமணித் தாள் அச்சானது. மேலே படம். கீழே பெரிய எழுத்தில், 'இது கரைமணி. இது நம் வாய்க்கால் கரையில் வளரும். இதன் பழத்தைத் தின்னலாம்.'

மூன்றாம் வகுப்பு வாய்க்கால் கரைக்குப் புறப்பட்ட அன்று காலையில், தம்பி மகள் அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் அதே வகுப்புதான். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர்.

"அத்தை!"

"ஸ்கூல்ல என்னன்னு கூப்பிடணும்?"

"பெரிய டீச்சர்." ஒரு நொடி யோசித்தாள். "பெரிய டீச்சர் அத்தை, தாத்தா பழத்தை நான்தான் ஃபர்ஸ்ட்டு கண்டுபிடிப்பேன். பாருங்க."

"சரி சரி, வரிசையில போய் நில்லு."

பிள்ளைகளின் சத்தம் வாசலைத் தாண்டித் தேய்ந்தது. பள்ளி சட்டென்று வெறிச்சோடியது போலிருந்தது. மற்ற வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் பெரிய டீச்சருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கணினியைத் திறந்தார். கரைமணிப் பக்கத்தில் நத்தையின் புதிய குறிப்பு ஒன்று காத்திருந்தது.

'அம்மா, இது குழந்தைகள் படிக்கும் பக்கம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதனால்தான் விடாமல் எழுதுகிறேன். இரண்டு செடியையும் நேரில் தேடிப் படமெடுத்து இங்கே இணைத்திருக்கிறேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.'

கீழே இரண்டு புகைப்படங்கள். ஒன்றில் பழங்கள் காம்பு தாளாமல் தொங்கின. மற்றதில் விறைத்து வானத்தைப் பார்த்து நின்றன.

பெரிய டீச்சர் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்த படம். ஒருநாளும் பழத்தைப் பார்த்ததில்லை. அப்பாவின் கையைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது பழத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றும் விறைத்து நின்றது.

தம்பி மனைவிக்குப் போன் போட்டார். மணி பக்கத்து வகுப்பறையில் அடித்தது. அங்கே ஆளில்லாத மேசைமேல், சார்ஜரில் மாட்டியபடி அவளுடைய கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது.

பெரிய டீச்சர் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. அன்று பார்த்தது. சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு, "என்ன டீச்சர், என்னாச்சு?" என்று கூடவே சிறிது தூரம் ஓடிவந்தார். ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, வேன் ஷெட்டைத் தாண்டி, வாய்க்கால் மேட்டில் ஏறும்போது பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் அவரைக் கலங்கடித்தது. பயந்துபோன பிள்ளைகள் என்றால் வாயில் வைத்திருக்காது.

மேட்டின் மறுபுறம் செடிகள் இடுப்பளவுக்கு அடர்ந்திருந்தன. பிள்ளைகள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளைக்குக் கிளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தன. தொங்கும் பழச்செடியும் அங்கேயே இருந்தது. ஆனால் அதை ஒரு பிள்ளையும் தொடவில்லை. தாளில் உள்ள படம் போல அது இல்லையே!

"தின்னாதீங்க! துப்புங்க எல்லாரும்!"

தம்பி மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். "அண்ணி? கழுவித்தான் தின்னணும்னு சொல்லியிருக்கேன். பையில போட்டுக்கத்தான்..."

பிள்ளைகள் பையிலும் போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் நாலைந்து வாய்கள் நீலமாக இருந்தன. எல்லாவற்றையும்விடச் சிட்டுவின் வாய்தான் அதிக நீலம்.

"தாத்தா பழம் கசக்குது அத்தை," என்றாள். "ஆனா நான் நிறையத் தின்னேன்."

பள்ளி வேனை வரவழைத்துப் பிள்ளைகளை ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே முதல் வாந்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது சிட்டுவின் தலை அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. தகவல் தெரிந்து தம்பி வந்துவிட்டான். மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்டரம்மா நிதானமானவர். பிள்ளைகள் கொண்டுவந்த கிளையை வாங்கிப் பார்த்தார். "என்ன செடி இது?"

"வாசிப்புத் தாள்ல கரைமணின்னு இருந்துச்சு," என்றார் யாரோ.

டாக்டரம்மா கைப்பேசியில் தேடினார். முகம் தெளிந்தது. "பயப்படாதீங்க. இதோ இருக்கு, கரைமணி. தின்னலாம்னே போட்டிருக்கு. படமும் இந்தக் கிளையும் அச்சு அசலா ஒண்ணு. வெறும் வயித்துல நிறையத் தின்னிருப்பாங்க. கொஞ்ச நேரம் படுக்க வச்சுப் பாப்போம்."

வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். ஒரு தகப்பன் சிரிக்கக்கூடச் சிரித்தார். அப்பாவின் தவறைச் சொல்ல வாய் வராமல் அதுவரை உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர், அந்தச் சிரிப்புக்கு நடுவே எழுந்து நின்றார்.

"அந்தப் படம் தப்பு, டாக்டர்."

"எப்படிச் சொல்றீங்க? ஆதாரமெல்லாம் போட்டிருக்காங்களே. யாரோ பள்ளி நிறுவனராம், புத்தகமே எழுதியிருக்கார்."

"அவர் எங்க அப்பா."

"அக்கா," என்றான் தம்பி தணிந்த குரலில். "எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. அப்பா பேரு."

"கேக்கட்டும்டா." முதுகு நிமிர்ந்துதான் இருந்தது, குரல்தான் நிலைகொள்ளவில்லை. "படத்தை அங்க ஏத்தினது நான். தப்புன்னு சொன்னவரைத் திட்டிட்டு மறுபடி மறுபடி வச்சதும் நான். அப்பா கரைமணின்னு நினைச்சு வேற செடியை வரைஞ்சிட்டார். இது பேய்க்கரைமணி. விஷம். நீங்க அந்தப் பக்கத்தைப் பாக்காதீங்க. என் பிள்ளையைப் பாருங்க."

டாக்டரம்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. நர்சுகள் ஓடினார்கள். படுக்கைக்குப் படுக்கை திரைச்சீலையை இழுத்தார்கள். சிட்டுவின் நாடி தளர்ந்திருந்தது என்பது பிறகுதான் வெளியில் தெரிந்தது. வாசலில் நின்ற பெற்றோர்கள் பெரிய டீச்சரைப் பார்த்த பார்வையைத் தம்பியால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரிய டீச்சர் திரும்பிக்கொள்ளவில்லை. அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். "மத்தவங்களுக்குப் பயமில்ல. சின்னவளுக்கும் நாடி ஏறிடுச்சு. கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் கையில இல்ல."

தம்பி மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பெரிய டீச்சருக்கு அழுகை வரவில்லை. கைப்பேசியை எடுத்தார். பக்கத்திலிருந்து படத்தை நீக்கினார். காரணம் கேட்ட இடத்தில், 'படம் தவறு. நத்தை சொன்னதே சரி' என்று தம் பெயரிலேயே எழுதினார்.

"அண்ணி." தம்பி மனைவி முகத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். "அங்க எடுத்தா மட்டும் போதுமா? தாளு?"

"நம்ம தாளெல்லாம் பையிலதானே இருக்கு?"

"நம்மது இல்ல. அது திறந்து கிடக்கிற பக்கம். மத்த பள்ளிக்கூடத்து டீச்சருங்களும் அதைப் பாத்துத் தாள் அடிக்கறாங்க. ஆத்துக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர் நேத்துதான் எனக்கு நன்றி சொன்னாங்க."

பெரிய டீச்சர் எண்ணைக் கேட்டு வாங்கினார். அந்த டீச்சர் எடுக்கவில்லை. பள்ளி அலுவலகத்துக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிதானமான ஓர் ஆண்குரல் எடுத்தது.

"மூணாங்கிளாஸ் டீச்சரா? இல்லீங்களே. இப்பதான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஆத்தங்கரைக்குப் போனாங்க. ஏதோ பழம் பாக்கணுமாம். வந்ததும் சொல்லட்டுமா?"

"வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்," என்றார் பெரிய டீச்சர். "ஓடுங்க. பழத்தைத் தின்ன வேணாம்னு சொல்லுங்க. இப்பவே ஓடுங்க."

மறுமுனையில் ரிசீவரை மேசைமேல் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஓடும் காலடிகள் தேய்ந்தன. பெரிய டீச்சர் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே ஏதோ ஒரு வகுப்பு பாட்டாக எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.