எந்தக் கசின்?

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த டைப்ரைட்டிங் வகுப்பில், 1958இல், ருக்குவுக்கு வலப்பக்கம் நானும் இடப்பக்கம் முனிகிருஷ்ணனும் உட்காருவோம். அவளுடைய மெஷினில் ரிப்பன் சிக்கினால் இருவரும் ஒன்றாக எழுவோம். எங்கே சிக்கியிருக்கும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முனிகிருஷ்ணன் அதைச் சரிசெய்து, அவளிடம் ஒரு சிரிப்பையும் வாங்கியிருப்பான்.

ஒருநாள் அவன் சொன்னான்: "மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம ருக்கு வீட்டுக்குப் பொண்ணு கேக்கப் போறேன். நீயும் கூட வா. உன் மூஞ்சியப் பாத்தா என்னையும் நல்லவன்னு நம்புவாங்க."

நானும் அவளைக் காதலிக்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். 'ருக்குவைக் காதலிக்கிறேன்' என்று டைரியில் எழுதியிருந்தேன். அதன் கீழேயே 'என்று நினைக்கிறேன்' என்றும் சேர்த்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ருக்கு என்னிடம் வாங்கிய ஷார்ட்ஹேண்ட் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"யாரும்மா உங்க அம்மா?"

"லட்சுமம்மாங்க. அப்பா வாட்ச் ரிப்பேர் பண்ணுவாரு."

அம்மா ருக்குவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு பிரிஜெட் ஆன்ட்டியிடம் போய் அழுதாள். அன்று மாலை பிரிஜெட் ஆன்ட்டி என்னை ஜன்னலருகே கூப்பிட்டாள்.

"பெருமாள்சாமி, அந்தப் பொண்ணு உனக்குக் கசின் மேன். அவ அம்மா ஓடிப்போய்க் கல்யாணம் கட்டினவ. உங்கப்பாதான் அவ பேரையே எடுக்கக்கூடாதுன்னு வச்சிருக்காரு."

"எந்தக் கசின், ஆன்ட்டி?"

"கசின்னா கசின்தான். அதுல என்ன எந்தக் கசின்?"

"அவங்க அம்மா எங்கப்பாவுக்குத் தங்கச்சியா, எங்கம்மாவுக்குத் தங்கச்சியா?"

"ஜீசஸ்! அதுக்கு மேல கேக்காத. சொல்ல மாட்டேன்னு உங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

அப்பாவின் தங்கையானால் ருக்கு எனக்கு அத்தை மகள், முறைப்பெண். அம்மாவின் தங்கையானால் சின்னம்மா மகள், என் தங்கை. இங்கிலீஷ்காரன் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டான். அம்மாவிடம் கேட்டால் பிரிஜெட் ஆன்ட்டி மாட்டிக்கொள்வாள். அப்பாவிடம் கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். பேரையே எடுக்கக்கூடாது என்கிறாரே. இத்தனை கோபம் கூடப்பிறந்தவள் மேல்தானே வரும்? அத்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து முனிகிருஷ்ணனிடம் சொன்னேன்.

"ருக்கு எனக்கு முறைப்பொண்ணுடா."

அவன் கையில் ஒட்டியிருந்த ஒர்க்ஷாப் கிரீஸைத் துணியில் துடைத்தான். "முறைன்னு ஒண்ணு இருந்தா நான் நடுவுல வரக்கூடாது மச்சான்" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல், லட்சுமம்மா ருக்குவோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா கன்னத்தைத் தொட்டதை மகள் சொன்னாளாம். அதற்குமேல் லட்சுமம்மாவால் இருக்க முடியவில்லையாம். ஆறுதல் சொல்வதற்காக நான் வீட்டுக்கு அழைத்திருந்த முனிகிருஷ்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

லட்சுமம்மா வாயிலிருந்து வரும் முதல் வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன். 'அண்ணா' என்று கூப்பிட்டால் ருக்கு எனக்கு. 'மாமா' என்று கூப்பிட்டால் போயிற்று.

லட்சுமம்மா செய்தித்தாளின் முன்னால் நின்று தழுதழுத்தாள். "பாவா!"

பாவம் என்கிறாளா? யாரை? அப்பாவின் செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"இன்னும் கோபமா பாவா?"

இருபது வருஷம் கன்னடக்காரருடன் குடித்தனம் செய்தவள் கன்னடத்தில் உறவு சொல்கிறாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. முனிகிருஷ்ணனுக்குப் பிடிபட்டது. என் காதருகே குனிந்தான்.

"மச்சான், பாவான்னா அக்கா புருஷன்."

அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார். "என் தம்பிக்கு நிச்சயம் பண்ணி, மேளத்துக்கு முன்பணமும் குடுத்தப்புறம் ஓடிப்போனியே லட்சுமி! வாட்ச் ரிப்பேர்காரனுக்கு நேரங்காலம் தெரிய வேணாமா?" என்று சொல்லும்போதே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ருக்கு, உங்க அண்ணனுக்குக் காபி குடும்மா" என்றாள் பிறகு.

ருக்கு டம்ளரை என்னிடம் நீட்டினாள். "எனக்கு அண்ணன் இல்லையேன்னு ரொம்ப நாள் கொறைங்க. வகுப்புல உங்களப் பாக்கும்போதெல்லாம் இப்பிடி ஒருத்தர் இருந்தா நல்லாருக்குமேன்னு நெனப்பேன்."

அவள் அடுத்த டம்ளரை முனிகிருஷ்ணனிடம் கொடுத்தபோது அது லேசாகத் தளும்பியது. என்னிடம் கொடுத்தபோது ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை.

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பையன் யாருடா? எப்படிப்பட்டவன்?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முனிகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். கை முழுக்கக் கிரீஸ் என்று சொல்லலாம். இங்கிலீஷில் அவனுக்கு ஸ்பெல்லிங் வராது என்றும் சொல்லலாம், அது உண்மையும்கூட.

"நல்லவன்பா" என்றேன். "எது சிக்கினாலும் சட்டுனு சரிபண்ணிடுவான்."

அவன் நிமிர்ந்து, நான்கு வருஷமாக என்னைக் கூப்பிட்டுவந்த அதே வார்த்தையால் கூப்பிட்டான்.

"மச்சான்!"

முதல் தடவையாக அது சரியான உறவாக இருந்தது.