சோளம் தின்ற வெள்ளைக்கோழி

இந்தக் காலத்தில் பிள்ளைக்குக் கன்னம் உப்பியிருந்தாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓசெமே கிழவருக்கு அதுதான் எரிச்சல். அவர் காலத்து லூசியானாவில் குண்டுப் பிள்ளை என்றால் நல்ல வீட்டுப் பிள்ளை என்று பேர். இப்போது என்னடாவென்றால், பதினோரு வயசுப் பேத்தி க்ளேலிக்கு ரத்தக்கொதிப்பாம். இதயச் சுவர் தடித்திருக்கிறதாம்.

"இந்த வயசுல கவனிச்சா சரியாயிடும்னு டாக்டரம்மா சொல்றாங்கப்பா," என்றாள் மகள் வெர்னிஸ். "நீங்க பன்னிக்கறியை அவ வாயில திணிக்காம இருந்தா போதும்."

"அவங்க கண்ணுக்கு நோயில்லாத ஆளே தெரியாதே!"

ஆனாலும் போன வருஷத்து மார்டி கிரா அவர் மனசில் முள்ளாகக் கிடந்தது. முகமூடி மாட்டிய பிள்ளைகள் வீடு வீடாக ஆடிப் பாடி, வீட்டுக்காரர் அவிழ்த்துவிடும் கோழியைத் துரத்திப் பிடித்து ஊர்க் குழம்புக்குக் கொண்டுபோகும் நாள் அது. பாதி வயலிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள் க்ளேலி. மற்றதுகள் கெக்கலித்தன. இந்த வருஷம் பிடித்தே தீருவதென்று சோடா குடிப்பதை விட்டாள். தினமும் சாயங்காலம் அம்மாவோடு வேகுவேகென்று நடந்தாள்.

நடந்தால் ஆச்சா? கிழவர் தன் வழியில் ஏற்பாடு செய்தார். வெள்ளைக்கோழி ஒன்றைச் சின்னக் கூண்டில் அடைத்து, மாசக்கணக்கில் சோளமாகக் கொட்டினார். ஓட முடியாத கோழி பேத்தி கையில் தானாக விழும்.

மார்டி கிரா அன்றைக்கு, முகமூடிக் கூட்டம் வாசலுக்கு வந்ததும் அதை வேலியோரம் விட்டார். நாலு எட்டு வைத்து, அலகைப் பிளந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

க்ளேலி முகமூடியைத் தூக்கினாள். "என்னத்தைப் போட்டு வளர்த்தீங்க தாத்தா? போன வருஷத்து என்னை மாதிரியே இரைக்குதே!"

"பேசாம பிடிடி."

"உக்காந்திருக்கறதைப் பிடிக்கவா வந்தேன்? அந்தச் செவப்புச் சேவலை விடுங்க!"

"அது ராட்சசன்டி!"

"விடுங்கன்னா!"

விட்டார். சேவல் வேலியைத் தாண்டிச் சேற்று வயலில் பறந்தது. துரத்திய கூட்டம் வழுக்கி வழுக்கி விழுந்தது. க்ளேலி மட்டும் நிற்கவில்லை. வாய்க்காலில் குப்புறப் பாய்ந்து, சேவலோடு எழுந்தாள். அவள் போட்ட கூச்சலில் கூட்டத்தோடு வந்து பிடில் வாசித்தவனே ஒரு நொடி நிறுத்திவிட்டான். கிழவர் தொப்பியை வானத்துக்கு வீசினார்.

"கொதிப்பும் இறங்கியாச்சுப்பா, ஓடலாம்னு டாக்டரம்மாவேதான் சொன்னாங்க," என்றாள் வெர்னிஸ். "இப்பவாவது நம்புறீங்களா?"

"டாக்டரா வந்து சேவலைப் பிடிச்சாங்க? அது எங்க வம்சத்து ரத்தம்!"

இன்னும் இரைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "உனக்குக் கூண்டு சின்னது, வேற ஒண்ணுமில்ல," என்று அதனிடம் முணுமுணுத்தபடி கொல்லைப்பக்கம் நடந்தார்.