மாத்திரையை நிறுத்தியவள்

மூத்தவளுக்கும் இளையவளுக்கும் தையல் கம்பெனியில் அடுத்தடுத்த மெஷின். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். வீட்டில் ஒரே அடுப்பு, வேலையில் ஒரே வரிசை. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? இவர்கள் நகமும் சதையுமாக இருந்தார்கள். அதுதான் வினையாயிற்று.

இளையவளுக்கு இது மூன்றாவது பிரசவம். இரண்டாவது பிள்ளை இன்னும் பால்குடி மறக்கவில்லை. ஆறாம் மாதம் அவள் முகம் வெளுத்தது.

"அடியே, கலர் ஏறிட்டியே! என்ன பவுடர் போடுறே?" என்று வரிசையே கேலி செய்தது. வெள்ளச்சி என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவளுக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் போயிற்று. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை நறுக்கென்று கடித்துத் தின்பாள். மசக்கை ஆசை என்று மூத்தவள், சூப்பர்வைசர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தன் கட்டியையும் கொடுப்பாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பா போகுதுக்கா. பயமா இருக்கு."

"அப்போ விட்டுத் தொலை. பிள்ளையும் கறுத்துடப் போகுது."

மாத்திரை குப்பைக்குப் போயிற்று. எட்டாம் மாதம் இளையவள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நெஞ்சு படபடக்கிறது என்றாள். "ரெட்டை உசுரு, அப்படித்தான் இருக்கும்" என்று மூத்தவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பாவி, எவ்வளவு அன்பாகச் சொன்னாள்!

பிள்ளை பிறந்துவிட்டது. உதிரம்தான் நிற்கவில்லை. நர்ஸ் வெளியே ஓடி வந்தாள்.

"உடம்புல ரத்தமே இல்லையேம்மா! இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோமே, போட்டாளா இல்லையா?"

"நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்."

திட்டக்கூட நர்ஸுக்கு நேரமில்லை. "உடனே ரத்தம் ஏத்தணும். இங்கே இருப்பும் இல்லை. யார் கொடுக்கிறீங்க?"

ஆண்கள் இருவரும் லாரியில் வெளியூர் போயிருந்தார்கள். துணைக்கு வந்திருந்தது வரிசைப் பெண்கள் மூன்று பேர். மூத்தவள் முந்திக்கொண்டு கையை நீட்டினாள். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

நர்ஸ் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். விரலில் குத்திச் சொட்டு எடுத்துச் சோதித்தாள். "உனக்கே பத்தாது. அடுத்த ஆள் வா."

அடுத்தவளுக்கும் அதே பதில். அதற்கடுத்தவளுக்கும். கடைசிப் பெண்ணின் இமையைப் பார்த்ததும் விரலைக் குத்தாமலே விட்டுவிட்டாள்.

"ஒருத்தர்கிட்டகூடவா இல்லை?" என்றாள் நர்ஸ்.

"அப்போ அவளுக்கு யாரும்மா கொடுப்பா?" என்று மூத்தவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.