இருபத்து மூணு டிகிரி ஊர்

"சார், எங்க ஹாலுக்கும் ஏசி வேணும்."

கேட்டேவிட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கதவுக்கு வெளியே இன்னும் நாலு பேர் ஒளிந்துகொண்டு நிற்கிறார்களோ என்று.

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

"அப்ப சரி." நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். "ஒருத்தர் கேட்டா கோரிக்கை. ரெண்டு பேர் கேட்டா சங்கம். கோரிக்கைன்னா காது குடுத்துக் கேப்பேன். செய்ய மாட்டேன், அது வேற விஷயம்."

எங்கள் பத்திரிகை ஆபீஸில் அதுதான் சட்டம். முதலாளி அறைக்கு எதைக் கேட்கப் போனாலும் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்து ஏறினால் மேலேயிருந்து "என்ன, ஊர்வலமா?" என்று குரல் வரும். டீ குடிக்கக்கூட முறை வைத்துத்தான் போவோம். பிழை திருத்தும் அக்காவும் நானும் ஒருமுறை ஒரே சமயத்தில் தும்மிவிட்டோம். அதற்கு விளக்கம் கேட்டார்.

ஏசியைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லி அனுப்பியவர் என் அப்பா. அவர் முதலாளியின் கார் டிரைவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டிலேயே நிறுத்தி வைத்துச் சொன்னார்: "சம்பளம் கூடக் கேளு, லீவு கேளு, திட்டினா முறைச்சுக்கூடப் பாரு. ஏசி மட்டும் கேக்காதம்மா. உனக்கு முன்னாடி கேட்டவன் இப்ப எங்க இருக்கான்னே தெரியல." எனக்குத் தெரியும். அவன் எதிர்த்தெருவில் இருக்கும் போட்டிப் பத்திரிகையில், ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான்.

அப்பாவுக்கு உலகத்தில் இருக்கும் எல்லா விஷயத்தைப் பற்றியும் கருத்து உண்டு. எல்லாம் காரின் பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்து சேர்ந்த கருத்துகள். ராத்திரி சாப்பிடும்போது, "இந்த சங்கக்காரங்க இருக்காங்களே..." என்று ஆரம்பிப்பார். அம்மா, "இன்னிக்கு முதலாளி வாய்க்குள்ள இருந்து நேரா வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

முதலாளி ஞாயிற்றுக்கிழமைதோறும் 'நேர்பேச்சு' என்று ஒரு பத்தி எழுதுகிறார். எழுதுகிறார் என்றால், அவர் பேசுவார், நான் எழுதுவேன். ஒரு வாரம், பூமி சூடாகிறது என்பதெல்லாம் மற்ற பத்திரிகைக்காரர்கள் கிளப்பும் பீதி. அடுத்த வாரம், சங்கம் வந்த தொழில் உருப்படாது. மூன்றாம் வாரம் சலிப்புத் தட்டாமல் இருக்க இரண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை வைத்து அவருடைய கோபத்துக்குக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் ஆண்டு விழா மலர். பத்தியை என் பெயரிலேயே போடுவதாகச் சொல்லியிருந்தார். பெயர் வந்தால் வேலையும் நிரந்தரம். அப்பா இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கரண்ட் பில்லைத் தவிர எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் எதிலும் அச்சானது கிடையாது. அந்தப் பக்கத்துக்கென்று ஒரு கண்ணாடிச் சட்டமே வாங்கி, சுவரில் ஆணியும் அடித்து வைத்துவிட்டார். பத்தியின் தலைப்பை முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார்: 'எங்கே போனது வெயில்?'

அந்தத் தலைப்போடு நான் அவர் அறைக்குக் கிளம்பும் சமயத்தில்தான் கீழே ஹாலில் பிழை திருத்தும் அக்கா மயங்கி விழுந்தாள். அவளுக்கு 'கமா அக்கா' என்று பெயர். கமா இல்லாத வாக்கியத்தைக் கண்டால் அவளுக்கு மூச்சு முட்டும். அன்று மூச்சு முட்டியது வெயிலால். தகரக் கூரை. ஓரத்தில் அச்சு மெஷின். மொத்த ஹாலுக்கும் ஒரே ஒரு மேஜை ஃபேன், அதுவும் கம்ப்யூட்டருக்கு. சூடானால் கம்ப்யூட்டர் நின்றுவிடுமாம். நாங்கள் நிற்க மாட்டோமாம். நேற்றைய பேப்பரை எடுத்து அக்காவுக்கு விசிறினேன். அந்தப் பேப்பரின் முதல் பக்க மூலையில் கட்டம் போட்டு, 'அதிகபட்ச வெப்பநிலை 23 டிகிரி. இதமான வானிலை' என்று இருந்தது. அதை டைப் செய்ததும் நான்தான்.

தண்ணீர் தெளித்ததும் அக்கா கண்ணைத் திறந்தாள். "நான் போயிட்டா இரங்கல் செய்தியை நீயே பாத்துடு. 'அன்னார்'னு போடாதே," என்றாள். அதற்கு அப்புறம்தான் படியேறினேன்.

"ஏசியை விடு," என்றார் முதலாளி. "பத்தியைப் பார்ப்போம். எழுதிக்கோ. மழை பெய்ஞ்சா உலக அழிவு, பெய்யலன்னாலும் உலக அழிவு. இவனுங்க பொழைக்கறதுக்கு பூமி வேகணுமா? பயத்தை வித்துப் பேப்பர் விக்கிற வழக்கம் எங்கப்பா காலத்துலேர்ந்தே நமக்கு இல்ல."

இதில் பாதி நியாயம் என்பதுதான் எனக்கு எரிச்சல். போட்டிப் பத்திரிகை போன வாரம் பூமி உருண்டையை அடுப்பில் ஏற்றிப் படம் போட்டிருந்தது. அதற்குக் கீழேயே அரைப்பக்கத்துக்குக் கார் விளம்பரம். ஒரு காற்றடித்தால் 'நகரம் மூழ்குமா?' என்று கேட்பார்கள். அப்புறம் மூழ்கினதா இல்லையா என்று சொல்லவே மாட்டார்கள்.

"சங்கத்தையும் ரெண்டு வரி சேத்துக்கோ, வழக்கமா போடறதுதான். சங்கம் வந்த ஆபீஸை நான் பாத்திருக்கேன். முதல் தீர்மானம், தலைவருக்கு நாற்காலி. ரெண்டாவது தீர்மானம், நாற்காலிக்குக் குஷன். மூணாவது வர்றதுக்குள்ள ஆபீஸையே மூடிட்டாங்க."

"சார், கீழ அக்கா மயங்கி விழுந்துட்டாங்க. வெயில்."

"வெயிலா? எங்க வெயில்? எழுதும்மா, ஆதாரம் நம்மகிட்டயே இருக்கு. எங்கப்பா காலத்துல நம்ம பேப்பர்ல முப்பத்தெட்டு டிகிரி. நான் பொறுப்பெடுத்ததும் முப்பத்திரண்டு. இப்ப இருபத்து மூணு. என் நிர்வாகத்துல இந்த ஊரே குளுந்திருக்கு. எவனாவது ஒரு வரி எழுதினானா?"

சொல்லிக்கொண்டே நாற்காலியைச் சுழற்றிப் பின்பக்கச் சுவரைப் பார்த்தார். அங்கே அவர் அப்பாவின் பெயர் செதுக்கிய ஒரு பழைய மரச்சட்டத் தெர்மாமீட்டர் தொங்கியது. கண்ணைச் சுருக்கி அதைப் படித்தார். "பாரு. இன்னிக்கும் இருபத்து மூணுதான்."

தினமும் மத்தியானம் இன்டர்காமில் "இருபத்து மூணு!" என்று அவர் கத்துவது எனக்குக் கேட்கும். வானிலை ஆபீஸில் யாரோ அவருக்குப் போன் செய்து சொல்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டருக்கு நேர் மேலே ஏசி. குளிர்காற்றில் அது ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தது.

"சார், இது ஏசி ரூம்."

"ஆமா. சொகமா இருக்கில்ல?"

"தெர்மாமீட்டர் ஏசி ரூமுக்குள்ள இருக்கு சார்."

"பின்ன வெயில்லயா தொங்கவிடுவாங்க? கெட்டுப் போயிடாது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்து நின்றது. "உங்கப்பா மாட்டினப்போ இந்த இடம் எப்படி சார் இருந்துச்சு?"

"திறந்த பால்கனி. நான்தான் சுவர் எழுப்பி ரூமாக்கினேன். அப்புறம் கண்ணாடி போட்டேன், அப்புறம் ஏசி. ஆனா எங்கப்பா மாட்டின ஆணியை நான் தொடல. தெர்மாமீட்டர் ஒரு இஞ்ச் நகரல."

"அது நகரல சார். ஊர்தான் வெளிய போயிடுச்சு."

இருபத்து மூணு டிகிரியை நம்பி, எங்கள் சந்தாதாரரான ஒரு வாத்தியார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நினைவுபடுத்தினேன். அந்தச் செய்தியை நாங்களே போட்டிருந்தோம், 'ஆசிரியருக்கு மர்ம மயக்கம்' என்று.

முதலாளி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "நீ ஒருத்தி சொன்னா ஆச்சா? சாட்சி வேணும். கூப்பிடறேன். ஒருத்தர் ஒருத்தரா." இன்டர்காமை அழுத்தினார்.

முதலில் கமா அக்கா வந்தாள், தலையில் ஈரத்துண்டோடு.

"வெயிலாம்மா?"

"இங்கயா சார்?" அக்கா ஏசிக்கு நேராகப் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "இங்க இல்ல சார்."

"கேட்டியா? சரி, நீ போகலாம்."

"இருங்க சார். இன்னும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்."

அடுத்து மெஷின் அண்ணன். கை முழுக்க மை. அவரும் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று யோசிக்க ஆரம்பித்தார். அப்புறம் பக்கம் கட்டுபவர், விளம்பரம் வாங்குபவர், கணக்குப் பிள்ளை, வாசல் செக்யூரிட்டி. ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள், சட்டப்படி. ஒவ்வொருவராக வெளியே போக வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. சோபா நிறைந்தது, சோபாவின் கைப்பிடிகள் நிறைந்தன, செக்யூரிட்டி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் சொருகிக்கொண்டார். யாரும் ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் பலமாக யோசித்தார்கள்.

கடைசியில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு அப்பா வந்தார்.

"ஏம்ப்பா, இந்த ஊர்ல வெயில் அடிக்குதா?"

"வெயிலா? நான் பாத்ததில்லீங்களே!" என்றார் அப்பா. "நாள் பூரா கார்லதான் இருக்கேன். சில சமயம் குளிருதுங்க."

நான் அப்பாவை முறைத்தேன். அவர் என்னைப் பார்த்து, எவ்வளவு நல்ல சாட்சி சொல்லிவிட்டோம் என்று சிரித்தார். அவரையும் ஏசியில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் நகரவில்லை.

"இப்ப என்ன சொல்ற?" முதலாளி வெற்றியோடு சுவர்ப்பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தேழு. அத்தனை பேரின் மூச்சும் வியர்வையும் மையும் சேர்ந்ததில் ஏசி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முதலாளி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இருபத்தெட்டு ஆனதும் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! எழுதும்மா, எழுது! புகையும் இல்ல, கார்பனும் இல்ல. ஆள் சேர்ந்தா சூடு ஏறுது! என் கண்ணால பாத்தேன். வெயிலுக்குக் காரணமே சங்கம்தான்!" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "இத்தனை வருஷமா ரெண்டையும் தனித்தனியா எழுதிட்டிருந்தேனே. ரெண்டும் ஒண்ணும்மா!"



"முதல் பக்கம். உன் பேர்ல. இன்னியிலேர்ந்து நீ நிரந்தரம். அந்தக் கீழ் ஹால்லாம் உனக்கு வேண்டாம். இதோ இந்த மூலையில உனக்கு ஒரு மேஜை. ஏசிக்கு நேரா. உனக்கு மட்டும்."

பொய் சொல்ல மாட்டேன். அந்த மூலையைப் பார்த்தேன். காற்று சரியாக அங்கேதான் விழுந்தது. வீட்டுச் சுவரில் இருக்கும் ஆணியும் ஞாபகம் வந்தது. அப்பா எனக்காகச் 'சரி' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஈரத்துண்டைப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டாள். கீழே போகத் தயாராகிறாள் என்று தெரிந்தது.

"சார், ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு பேர் கேட்டா சங்கம்னு சொன்னீங்க. இப்ப இங்க எத்தனை பேர் இருக்கோம்?"

முதலாளி சுற்றிலும் பார்த்தார். அலமாரி இடுக்கில் இருந்த செக்யூரிட்டி ஒரு கையை ஆட்டினார்.

"நான் ஒருத்தர் ஒருத்தராத்தானே கூப்பிட்டேன்!"

"ஆமா சார், நீங்கதான் சேத்தீங்க," என்றார் மெஷின் அண்ணன். "அப்ப தலைவர் நீங்கதானா?"

"நாற்காலி ஏற்கெனவே இருக்கு," என்றாள் கமா அக்கா. "குஷனும் இருக்கு. நேரா மூணாவது தீர்மானத்துக்குப் போயிடலாம் சார்."

விளம்பரம் வாங்குபவர் முதலில் சிரித்தார். அப்புறம் சோபா முழுக்கச் சிரித்தது. தெர்மாமீட்டர் இருபத்தொன்பது.

"வெளிய போங்க! ஒவ்வொருத்தரா போங்க!" என்று முதலாளி கத்தினார். யாரும் நகரவில்லை.

நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போனேன். ஆணியிலிருந்து தெர்மாமீட்டரைக் கழற்றினேன்.

"ஏய், அது எங்கப்பாவோடது!"

"தெர்மாமீட்டர் உங்கப்பாவோடதுதான் சார். வெயில் எங்களோடது." அவர் சொல்லச் சொல்ல எழுதிய தாளை மேஜைமேல் வைத்தேன். "இதை உங்க பேர்லயே போட்டுக்கோங்க. என் பேரை நான் நாளைக்கு வேற இடத்துல எழுதப் போறேன். சங்கத்தைப் பதிவு பண்ற ஆபீஸ்ல. முதல் பேரு என்னோடது."

"ரெண்டாவது பேருக்குப் பின்னாடி கமா போட மறந்துடாதே," என்றாள் அக்கா. அந்த இரண்டாவது பெயர் அவளுடையது.

கதவருகில் அப்பா என் கையைப் பிடித்தார். "அப்ப பேப்பர்ல பேரு?"

"வராதுப்பா."

"கண்ணாடிச் சட்டம் வாங்கிட்டேனேம்மா."

"பொறுங்க. அதுல மாட்ட வேற ஏதாவது கிடைக்கும். கீழ ஹாலுக்கு வாங்கப்பா. ஒரு தடவையாவது வெயிலைப் பாருங்க."

அவர் கார் சாவியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். அவர் வருகிறாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டினேன். கதவுக்கு வெளியே அனல் முகத்தில் அறைந்தது. கையிலிருந்த தெர்மாமீட்டர் விறுவிறுவென்று ஏறத் தொடங்கியது, பல வருஷத்துப் பாக்கியை ஒரே நாளில் தீர்ப்பதுபோல.

"நாளைக்குப் பேப்பர்ல எத்தனை டிகிரின்னு போடறது?" என்று உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்.

"கீழ வந்து பாத்துக்கோங்க சார்," என்றேன், படியில் இறங்கிக்கொண்டே. "ஒருத்தரா வாங்க."