சேதி போகாத ஊர்

பல வருடங்களாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்திய பாயிஸாவுக்கு, வியாபாரம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். கணவன் காஜா மௌத்தாகி, நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா இருந்து முடித்து வெளியே வந்த வாரமே பள்ளிக்கூட வேலையை விட்டாள். "கள்ளக்குறிச்சி புளி மண்டிய இனிமே நானே பாத்துக்கப் போறேன்" என்று ஸ்டாஃப் ரூமில் அறிவித்தபோது குரலில் ஒரு மிடுக்குகூட இருந்தது. அவள் நாற்காலியில் மறுநாளே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பங்குனியில் கல்வராயன் மலைப்புளி வந்து சேராவிட்டால் மண்டிக்குப் பூட்டு. அவளுக்கும் போக்கிடம் இல்லை.

காஜாவின் வியாபாரத்தில் அவள் கண்ட குறைகள் ஏராளம். காலையில் மலைக்குப் போகிறவன் பொழுது சாய்ந்துதான் வருவான். எடை போடக் கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் பேச்சு. நேர விரயம் பற்றி அவனுக்குப் பாடமே எடுத்திருக்கிறாள். நல்ல மாணவனாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரமும் அதே நேரத்துக்குத்தான் வந்தான்.

புது எலக்ட்ரானிக் தராசு, தன் பெயர் போட்ட விசிட்டிங் கார்டு, போன வருடத்தைவிடக் கூடுதல் விலை. இவற்றோடு இளவரசனின் குட்டியானை வண்டியில் வெள்ளிமலை தாண்டி, காஜா வழக்கமாகப் புளி எடுக்கும் ஊரில் போய் இறங்கினாள். வாசலுக்கு வாசல் புளி கிடந்தது. விற்கத்தான் ஆளில்லை.

"இன்னும் காயணும்ங்க" என்றாள் பச்சையம்மாள். காலடியில் காய்ந்த புளியின் ஓடு கலகலத்தது.

"எங்க வூட்டுக்காரு வரணும்" என்றாள் அடுத்தவள். வீட்டுக்காரர் அவள் பின்னாலேயே பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

பாயிஸா விலையை ஏற்றினாள். முகங்கள் இறுகின. இன்னும் ஏற்றினாள்.

"டீச்சர், புளி வாங்குறீங்களா, ஏலம் வுடுறீங்களா?" என்றான் இளவரசன்.

கடைசி வீடு ஜெயம்மாளுடையது. நீட்டிய கார்டை அவள் வாங்கவில்லை.

"காஜா பாய் செத்ததுக்கு எங்களுக்கு ஏம்மா சேதி வரல?"

"ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தேனே..."

"எதுல?"

"போன்ல."

"இங்க போன் பேசணும்னா அந்தப் பாறை மேல ஏறணும். எங்களுக்கு யாரு சொன்னது தெரியுமா? பஸ் கண்டக்டரு. டிக்கெட்டு கிழிச்சிக்கினே சொல்றான், 'உங்க புளிக்கார பாய் போய்ட்டாராம்'னு. எம்பொண்ணு வலி எடுத்துத் துடிச்சப்ப, மூட்டைய எறக்கிப் போட்டுட்டு அவள ஏத்திக்கினு போன மனுசன். அவரு மொகத்தப் பாக்க வுடாம பண்ணிட்டு, இப்ப இன்னா கார்டு?"

காஜா இதைச் சொன்னதே இல்லை. சொல்லியும் இருப்பான், அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பாள். தியாகதுருகத்துச் சொந்தங்களுக்கும், பள்ளி நிர்வாகிக்கும், காஜாவின் பெயரையே தப்பாகச் சொன்ன வங்கி மேலாளருக்கும் ஆள் விட்டுச் சேதி சொல்லியிருந்தாள். வந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், போனார்கள்.

"தப்புதான்ங்க" என்று வாயெடுத்தாள். இத்தா முழுக்க ஒரு டீச்சருக்குத் தகுந்த அளவோடு அழுதவள், இப்போது மூக்கு ஒழுக, விசிட்டிங் கார்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வழவழப்பான அட்டை, ஒரு சொட்டையும் உறிஞ்சவில்லை. ஜெயம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துக் குரலெடுத்தாள். பச்சையம்மாள் ஓடிவந்தாள். வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தவளும் வந்தாள். "எங்க பாயே, எங்க ராசாவே" என்று ஊரே மாரடித்தது. ஒப்பாரி தெரியாத பாயிஸா தாளத்துக்குக் குறுக்கே அழுதாள்.

களி கொடுத்தார்கள், சாப்பிட்டாள். கை கழுவும்போது, "அப்போ... புளி?" என்று கேட்டேவிட்டாள். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அழுத வாயால வெல பேச மாட்டோம்" என்றாள் ஜெயம்மாள். "செவ்வாக்கெழம வா. அதுவரிக்கும் வேற மண்டிக்குப் போட மாட்டோம். வரும்போது அவரு போட்டோ ஒண்ணு எடுத்துக்கினு வா, செவுத்துல மாட்டுற மாதிரி."

வண்டி காலியாக மலையிறங்கியது. "லோடு இல்லாத வண்டி டீச்சர், தூக்கித் தூக்கிப் போடும். கெட்டியா புடிச்சிக்கோங்க" என்றான் இளவரசன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காஜா பேச்சை நிறுத்தி வாயை மூடிக்கொண்டு நிற்கும் போட்டோ ஒன்றாவது வீட்டில் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.